மாவின் புளிப்பும் காலின் கடுப்பும்

கேள்வி: சேலத்தில் இரவு கரைத்து வைக்கும் இட்லி மாவு விடிவதற்குள் பொங்கிவிடுகிறது, ஏற்காட்டில் என் மகள் வீட்டிலோ மறுநாள் மதியம் வரை அப்படியே கிடக்கிறது. மாவு புளிப்பதும், மலையேறினால் மறுநாள் கால் வலிப்பதும் ஒரே லாக்டிக் அமிலத்தால்தான் என்கிறான் பேரன். உண்மையா?
– வாசகி ஒருவர், அஸ்தம்பட்டி

பதில்: மாவைப் பொறுத்தவரை தங்கள் பேரன் சொல்வது சரியே, கால் வலி விஷயத்தில் அவர் நெடுங்காலமாகப் பலரும் நம்பிவந்ததைத் திருப்பிச் சொல்கிறார்.

உண்ட உணவு குளுக்கோஸாகிச் செல்களை அடைந்தபின், நொதிகள் ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறையும் இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாக உடைக்கின்றன. கிளைக்காலிசிஸ் எனப்படும் இக்கட்டத்துக்கு ஆக்சிஜன் தேவையில்லை. செல்லுக்கு ஆற்றல் வழங்கும் மூலக்கூறான ஏ.டி.பி.யில் நிகர வரவு 2 மட்டுமே. ஆக்சிஜன் போதிய அளவு இருந்தால், பைருவிக் அமிலம் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று கார்பன் டை ஆக்சைடாக முற்றிலும் சிதைய, பிரிந்த ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. அப்போது மொத்த வரவு ஏறத்தாழ 30 முதல் 32 ஏ.டி.பி.

ஆக்சிஜன் போதாதபோது செல் ஏன் மெனக்கெட்டு லாக்டிக் அமிலத்தைத் தயாரிக்க வேண்டும்? பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இதுதான். குளுக்கோஸ் உடையும்போது வெளிப்படும் எலெக்ட்ரான்களை என்.ஏ.டி. என்னும் துணைநொதி ஏற்றுக்கொள்கிறது. செல்லில் அதன் இருப்போ சொற்பம். லீ பஜாரில் சரக்கை இறக்க இடமின்றி நிற்கும் லாரி அடுத்த நடைக்குப் போக முடியாததுபோல, ஏற்றிய சுமையை இறக்காத என்.ஏ.டி. அடுத்த குளுக்கோஸுக்குப் பயன்படாது. அந்தச் சுமையைப் பைருவிக் அமிலத்தின் மீதே இறக்கிவிடுவதால் தசையில் லாக்டிக் அமிலம் உருவாகிறது. ஈஸ்டில், கார்பன் டை ஆக்சைடு நீங்கியபின், ஆல்கஹால் உருவாகிறது.

மாவில் முக்கியப் பங்கு வகிக்கும் லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியா வேறொரு பாதையில் செல்கிறது. ஒரு குளுக்கோஸுக்கு அதற்கு மிஞ்சுவது 1 ஏ.டி.பி.தான், ஆனால் லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடும் வெளிவருவதால் மாவு பொங்குகிறது. (அமிலத்தை மட்டும் தரும் பாக்டீரியாக்களை நம்பியிருந்தால் நமக்குப் புளித்த, தட்டையான இட்லிதான் கிடைத்திருக்கும்.) ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் இரவுக் குளிரில் நொதிகளின் வேகமும் பாக்டீரியா பெருகும் வேகமும் குறைந்துவிடுகின்றன; முந்தைய மாவில் ஒரு கரண்டியைக் கலந்து, பாத்திரத்தை அடுப்படியின் கதகதப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

இனி கால் வலி. வேகமாக ஏறும்போது தசையில் சேரும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), ஓய்வெடுத்த ஓரிரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அகன்றுவிடும். இதயத் தசை அதை எரிபொருளாக்கிக்கொள்ள, கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக மாற்றுகிறது. மறுநாள் வரும் வலிக்குத் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதையொட்டிய அழற்சியுமே காரணம். அச்சேதம் மலை ஏறுவதைவிட இறங்குவதில்தான் மிகுதி; ஏனெனில் இறங்கும்போது தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது.