ஏழு இலக்கத் தேதிக்கு ஒரு ஃபங்ஷன்

வணக்கம் சார்,

சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க கிளையண்ட் ஒருவரின் ஏஎஸ்/400-இல் (ஐபிஎம்மின் பிசினஸ் கம்ப்யூட்டர்) இருக்கும் ஆர்டர் ஃபைல்களிலிருந்து எஸ்க்யூஎல் மூலம் ரிப்போர்ட் எடுக்க வேண்டும். தேதிகள் எல்லாம் 1240315 என்பது போல ஏழு இலக்க எண்கள். ஒவ்வொரு குவெரியிலும் இதை வெட்டி ஒட்டியே கை ஓய்ந்துவிட்டது. சொந்தமாக ஒரு ஃபங்ஷன் எழுதலாம் என்றால், "யூடிஎஃப் (நாமே எழுதும் ஃபங்ஷன்) போட்டால் குவெரி படுத்துவிடும்" என்கிறார்கள் டீமில். என்ன செய்யலாம்?

எம்.

அன்புள்ள எம்.,

தாராளமாக எழுதுங்கள். டீமில் சொல்வதும் பொய்யில்லை, ஆனால் ஃபங்ஷனை எங்கே போடுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த எண்ணில் முதல் இலக்கம் நூற்றாண்டு: 0 என்றால் 1900கள், 1 என்றால் 2000கள். இதோடு 19000000-ஐக் கூட்டிப் பாருங்கள், 20240315 வந்து நிற்கும். வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம், எழுத்தாக மாற்றி டேட் ஆக்கினால் வேலை முடிந்தது.

கஷ்டம் வேறு இடத்தில். டிடிஎஸ்-இல் (அந்த மெஷினில் எஸ்க்யூஎல் இல்லாமல் ஃபைலை வரையறுக்கும் பழைய முறை) உருவான ஃபைல்களில் பெரும்பாலும் நல் (null, மதிப்பே இல்லை என்ற குறி) இருக்காது, அதனால் இன்னும் அனுப்பாத ஆர்டருக்கு 0, முடிவுத் தேதி இல்லாததற்கு 9999999 என்று போட்டுவைத்திருப்பார்கள். 0-வோடு கூட்டினால் வருவது 19000000, அப்படி ஒரு நாளே கிடையாது, குவெரி எரர் அடித்து நின்றுவிடும். இந்த இரண்டையும் ஃபங்ஷனுக்குள்ளேயே தனியாகக் கவனியுங்கள்.

இன்னொன்று, எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஸ்பேஸ் உட்கார்ந்திருக்கும். எஸ்க்யூஎல் டேபிள் எழுதும்போதே தரவைச் சரிபார்க்கும், டிடிஎஸ் ஃபைல் அப்படிச் செய்யாது, அந்த மெஷினின் பழைய மொழியான ஆர்பிஜியில் எழுதிய புரோகிராம் எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். அந்த வரி வந்ததும் உங்கள் ஃபங்ஷனுக்குப் போகும் முன்பே எரர் வந்துவிடும். உள்ளே இருக்கும் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் ஃபங்ஷன் போட்டுப் பாருங்கள்: பேக்டு முறையில் (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம்) சேமித்த ஒழுங்கான தேதி 1240315F என்று தெரியும், கெட்டுப்போனது 40404040 என்று தெரியும். ரிப்போர்ட்டைத் தொடும் முன் இந்த ஒரு குவெரியை ஓட்டிவிடுங்கள், பிறகு பல நாள் தலைவலி மிச்சம்.

சரி, வேகத்துக்கு வருவோம். எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் செலக்ட் பகுதியில் ஃபங்ஷன் போடுவதில் பெரிய கவலை இல்லை. எந்த வரிகள் வேண்டும் என்று வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் தேதிக் காலத்தின் (column) மேல் போட்டால்தான் ஆபத்து, அந்தக் காலத்துக்கு இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் ஒவ்வொரு வரியையும் படித்து ஒவ்வொரு முறையும் ஃபங்ஷனைக் கூப்பிடும். அங்கே திருப்பிப் போடுங்கள். தேதியை ஏழு இலக்கமாக மாற்றும் இரண்டாவது ஃபங்ஷன் ஒன்று எழுதி, தேடுகிற தேதியை அதால் மாற்றி, காலத்தைத் தொடாமல் ஒப்பிடுங்கள். இரண்டு ஃபங்ஷனுக்கும் டிட்டர்மினிஸ்டிக் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை) என்று மறக்காமல் அறிவியுங்கள், சொல்லாவிட்டால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், நிலைக் குறியீடுகளுக்கும் ஃபங்ஷன் எழுத ஆசை வரும். பாராமீட்டரை வார்கேர் (VARCHAR, நீளம் மாறும் எழுத்து வகை) என்றே வையுங்கள். கேர் (CHAR, நீளம் மாறாதது) என்று வைத்து, மேற்கோளுக்குள் 'ஏ' என்று கொடுத்துக் கூப்பிட்டால், கொஞ்சம் பழைய ரிலீஸ்களில் ஃபங்ஷனே இல்லை என்று எஸ்க்யூஎல்0204 வரும். ஃபங்ஷன் கண்ணெதிரே இருக்கும்போது இப்படி வந்து நானே அரை நாள் லைப்ரரி லிஸ்ட்டை (சிஸ்டம் எங்கெல்லாம் தேட வேண்டும் என்ற பட்டியல்) துழாவியிருக்கிறேன்.

9999999 அந்த ஃபைலில் எதைக் குறிக்கிறது என்று கிளையண்ட் பக்கம் இருக்கும் பழைய ஆர்பிஜி ஆளிடம் இந்த வாரமே கேளுங்கள். அவர் சொல்வதை ஃபங்ஷனுக்குள்ளேயே கமெண்ட்டாக எழுதிவையுங்கள், அவர் ஓய்வு பெற்றபின் அதைக் கேட்க வேறு ஆள் கிடைக்கமாட்டார்.