பக்கத்தில் ஆள் இருந்தால் படபடப்பு குறையுமா? கேள்வி பதில்

கேள்வி: சண்டை வந்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கணவர் முகத்தில் சலனமே இல்லை. அவருக்கு நிஜமாகவே ஒன்றும் ஆவதில்லையா?

பதில்: முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், மேடம். நெருக்கமானவர்களிடமும் தேவையைக் காட்டாமல் ஒதுங்கிப் பழகியவர்களை ‘விலகும் பிணைப்பு’ உள்ளவர்கள் என்போம். 1992-இல் டோசியர், கோபாக் என்ற ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் சிறுவயதுப் பிரிவு, புறக்கணிப்பு பற்றிக் கேட்டார்கள். அதையெல்லாம் பெரிதுபடுத்தாமல் ஒதுங்கியவர்களின் தோலில்தான் மின்கடத்தல் ஏறியது, அதாவது உள்ளுக்குள் பதறி வியர்த்தது. வியர்வைச் சுரப்பி பொய் சொல்லாது. உணர்ச்சியை அமுக்கிவைப்பதும் உடம்புக்கு ஒரு வேலைதான். ஆகவே “உனக்கு அக்கறையே இல்லை” என்று அவரைத் துரத்தாதீர்கள். “அரை மணி கழித்துப் பேசலாம்” என்று நேரம் குறித்துவிட்டு விடுங்கள். நேரம் குறிக்காமல் விட்டால் உங்கள் நெஞ்சுதான் அதுவரை அடித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: இன்டர்வியூ ஒத்திகையில் தோழி எதிரில் உட்கார்ந்தால் இன்னும் உதறுகிறது. ஏன்?

பதில்: ஆறுதலுக்கு வந்தவர் அந்த இடத்தில் நடுவராகிவிடுகிறார். 1991-இல் ஆலனும் சகாக்களும் பெண்களுக்கு மனக்கணக்கு கொடுத்துப் பார்த்தபோது, தோழி பக்கத்தில் இருந்தால் உடலின் பதற்றம் கூடியது, வளர்ப்பு நாய் இருந்தால் குறைந்தது. நாய் மார்க் போடாதே! தோழியைத் தொடங்கும்வரை கூட வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போது வெளியே இருக்கட்டும்.

கேள்வி: மனைவிக்கு நாளை முக்கியமான மேடைப்பேச்சு. என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: சொல்வதைக் குறையுங்கள், சார். 2007-இல் டிட்ஸன் குழு பெண்களை மேடைப்பேச்சும் மனக்கணக்கும் கலந்த சோதனைக்கு உட்படுத்தியது. முன்னதாகத் துணைவர் கழுத்தும் தோளும் பிடித்துவிட்டவர்களுக்கு மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலும் இதயத்துடிப்பும் குறைவாகவே ஏறின. துணைவர் வாயால் மட்டும் தேற்றியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. கிளம்புமுன் பத்து நிமிடம் பிடித்துவிடுங்கள். கேட்டுவிட்டுத் தொடுங்கள், தோளைச் சுருக்கினால் கையை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் “இதை இப்படிப் பேசு” என்று ஆரம்பித்தால் நீங்களும் நடுவர்தான்.

கேள்வி: கார்டிசால் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: ஒரே ஒரு அளவு எதையும் சொல்லாது. விழித்து 30–45 நிமிடத்தில் அது தானாகவே உச்சத்துக்குப் போகும், பிறகு நாள் முழுக்க இறங்கும். நாடித்துடிப்பைப் பாருங்கள்: 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சண்டைக்குப் பின் உடனே ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை. அமைதியாக இருக்கும்போது எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு ஏறியது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்பதுதான் முக்கியம். காபி குடித்த கையோடோ படியேறி வந்தவுடனோ எண்ணாதீர்கள்.

கேள்வி: பிணைப்பு பற்றிய ஆன்லைன் டெஸ்ட் ஒன்று என்னைப் ‘பதற்ற வகை’ என்கிறது. கடைசிவரை இப்படித்தானா?

பதில்: வகை என்று எதுவும் முத்திரை குத்தப்படவில்லை. பதற்றம் (விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம்), விலகல் (நெருக்கத்தைத் தவிர்ப்பது) என இரண்டு அளவுகோல்கள். ஒவ்வொன்றிலும் நீங்கள் எங்கோ ஒரு புள்ளியில் இருக்கிறீர்கள். ஆள் மாறினாலே அந்தப் புள்ளி நகரும். அம்மாவை நினைத்து ஒருமுறை, துணைவரை நினைத்து ஒருமுறை அதே கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள்.