கேள்வி-பதில்: பழைய டர்ட் பைக்கும் பத்தாத பட்ஜெட்டும்

இந்த தடவை வந்த கேள்வி பூராம் பழைய வண்டி பத்தித்தான். மண்ணுல ஓட்ட ஒரு வண்டி வேணும், ஷோரூம் வெலை கட்டுபடியாகல, அதனால பழசை வாங்கி ரெடி பண்ணலாம்னு மதுரைய சுத்தி ஒரு கூட்டமே கெளம்பியிருக்கு போல. கடிதங்கள சுருக்கித்தான் போட்ருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கே: அண்ணே, 2012 மாடல் ஹீரோ இம்பல்ஸ் பைக் ஒண்ணு 31,000க்கு வாங்கீட்டேன். ரெண்டு வருசமா கொட்டகையில கெடந்த வண்டி. புகை அடிக்குது, பிரேக் சரியா பிடிக்கல. கையில 15,000 தான் இருக்கு. முதல்ல பெயிண்ட் அடிச்சுரவா? – திருமங்கலம்

நிக்காத வண்டிக்கு எதுக்கு தம்பி அலங்காரம்? பெயிண்ட்டை கடைசிக்குத் தள்ளு, காசு மிச்சமிருந்தா பாப்போம்.

முதல் செலவு பிரேக்கு, டயரு, செயின் செட். டயர்ல பட்டன் நல்லா இருக்குனு நம்பிராத, பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும் பாரு, 2316னு போட்டிருந்தா 2016ம் வருசம் 23வது வாரம் செஞ்சதுனு அர்த்தம், அம்புட்டு பழசுன்னா ரப்பர் கல்லாயிருக்கும். செயின் போச்சுன்னா அது ஓடுற பல்சக்கரம், அதான் ஸ்பிராக்கெட்டு, அதையும் சேத்தே மாத்து, புது செயினை பழைய பல்லுல மாட்டுனா சீக்கிரமே அதுவும் போயிரும். டேங்க்ல ரெண்டு வருச பெட்ரோல் இருந்தா அப்படியே வடிச்சு கீழ எடு. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, அது ஈரத்தை இழுக்கும், உள்ள துரு பிடிக்க அது போதும். கார்ப்ரேட்டரை கழட்டி கழுவாம ஸ்டார்ட் பண்ணி முறுக்கிட்டு இருக்காத.

இப்ப புகை. காலைல ஸ்டார்ட் பண்ணும்போது பொசுக்குனு நீலமா கொஞ்சம் வந்துட்டு நின்னு போச்சுன்னா பெரும்பாலும் வால்வு சீல், சாமான் வெலை கம்மி, லேபர்தான் செலவு. முறுக்க முறுக்க விடாம புகைஞ்சா பிஸ்டன் ரிங்கு, இல்ல போர், அதான் பிஸ்டன் ஓடுற சிலிண்டர் ஓட்டை, தேஞ்சிருக்கு. அப்பவும் ஓடிப்போய் பிஸ்டன் வாங்கிராத. லேத்துல போரை அளக்கச் சொல்லு, 0.25 மில்லிமீட்டரா 0.50ஆ, எந்த ஓவர்சைஸ் பிஸ்டன், அதாவது எம்புட்டு பெருசு வேணும்னு அவங்க சொன்னதுக்கப்புறம் பிஸ்டனை வாங்கி, அந்த பிஸ்டனையே கையில குடுத்து அதுக்கு ஏத்த மாதிரி போர் அடிக்கச் சொல்லணும். நெறைய பேரு இதை தலைகீழா பண்ணீட்டு ரெண்டு தடவை காசு அழுவாங்க.

உனக்கு ஒரு நல்ல சேதி, எஞ்சின் ஹீரோவோட ஹங்க், எக்ஸ்ட்ரீம் பைக்குக குடும்பம், அதே 149 சிசி, அதனால எஞ்சின் சாமான் கெடைச்சுரும், பார்ட் நம்பரை மட்டும் ஒத்துப் பாத்துக்க. கெட்ட சேதி, அந்த பிளாஸ்டிக்கும் முன்னாடி உள்ள நெட்டை ஃபோர்க்கும் இம்பல்ஸுக்கே உள்ளது, சுலபத்துல சிக்காது. ஃபோர்க் ராடுல துருப்புள்ளி இருந்தா எத்தனை ஆயில் சீல் மாத்துனாலும் வடியத்தான் செய்யும், அதை வாங்குறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும், சரி விடு. 15,000ல ஒரு 3,000த்தை தொடாம வை, பிரிச்சப்புறம் புதுசா ஒரு செலவு வராத வண்டிய நான் இன்னும் பாக்கல. அப்புறம் 2012ல ரிஜிஸ்டர் ஆன வண்டினா 2027ல 15 வருசம் முடியுது, ஆர்சிய புதுப்பிக்கணும், கிரீன் டாக்ஸ் கட்டணும், அதையும் கணக்குல சேத்துக்க.

கே: 2002 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, சிங்கிள் ஓனர், 95,000 சொல்றாங்க. வாங்கலாமா? – மேலூர்

ஆர்எக்ஸ் 100 தயாரிப்பை 1996லயே நிறுத்தீட்டாங்க. 2002ல அது எங்கருந்து வந்துச்சுனு அவர்கிட்டயே கேளுங்க.

கே: வெளிநாட்டு டர்ட் பைக், பழசு, 60,000க்கு ஆன்லைன்ல பாத்தேன். ரேஸ் வண்டிக்கு பேப்பரே கெடையாதுன்னாங்க, சரின்னு ஜிபேல பணம் போட்டு எடுத்துட்டு வந்துட்டேன். இப்ப பாத்தா சேசிஸ் நம்பர் தேய்ச்சிருக்கு. ரோட்டுல ஓட்ட என்ன வழி? – நாகமலை புதுக்கோட்டை

வழியே இல்ல. மோட்டோகிராஸ் வண்டிய, அதான் மண்ணுல ரேஸ் ஓட்டுற வண்டிய, ரோட்டுல ஓட்ட ரிஜிஸ்டர் பண்ண முடியாதுங்கிறது வாஸ்தவந்தான், ஆனா பேப்பரே கெடையாதுன்னா எப்படி? இம்போர்ட் ஆகி வந்திருந்தா கஸ்டம்ஸ் பேப்பர் இருக்கணும், முதல் ஆளு வாங்குன பில்லு இருக்கணும். எதுவுமே இல்லாம நம்பரையும் தேய்ச்சு ஒருத்தன் விக்கிறான்னா ஏன்னு ஒரு நிமிசம் யோசிக்க வேணாமா, ஒரு கிலோ வெண்டைக்காய்க்கு ஒவ்வொண்ணா நுனிய ஒடிச்சுப் பாத்து வாங்குற ஊர்ல இருந்துக்கிட்டு 60,000த்தை இப்படி போட்ருக்கீங்க! திருட்டு வண்டினா வண்டியும் போகும், காசும் போகும், ஸ்டேஷனுக்கு நடையும் நடக்கணும். நீங்களே முதல்ல போய் எழுதிக் குடுங்க, பணம் போட்ட விவரம், பேசுன மெசேஜ் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. நுகர்வோர் கோர்ட்டு இதுக்கு உதவாது, வித்தது வியாபாரியா இருக்கணும், யாரோ ஒரு தனி ஆள்னா அங்க செல்லாது. அதுவரைக்கும் வண்டிய எங்கிட்டும் எடுக்காதீங்க. பக்கத்துலதான இருக்குனு சமணர் மலை பக்கம் ஏத்தவே ஏத்தாதீங்க, அது தொல்லியல் துறை பாதுகாக்குற எடம்.

கே: சத்தத்துக்காக டூ ஸ்ட்ரோக் சைலன்சரை வெட்டலாமா? – செல்லூர்

வேணாம். இழுவை போயிரும், போலீஸ் வந்துரும்.

கே: எங்க வீட்டுக்காரர் காலமாகி மூணு வருசம் ஆச்சு. அவரோட பழைய ஷோகன் பைக்க மகன் ஆசைப்பட்டான்னு ஒரு மெக்கானிக்கிட்ட குடுத்தோம், 18,000 அட்வான்ஸ். பதினோரு மாசம் ஆகுது. போய்ப் பாத்தா ஒரிஜினல் கார்ப்ரேட்டரும் சைலன்சரும் காணோம். கேட்டா, குடுக்கும்போதே இல்லைங்கிறாரு. – உசிலம்பட்டி

அக்கா, படிக்கவே வயிறு எரியுது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல, செத்துப்போன மனுசனோட வண்டிய நம்பி குடுத்திருக்கீங்க, அதுல கைய வச்சிருக்கான்.

இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. வண்டியோட பழைய போட்டோ எதுலயாவது அந்த சைலன்சர் தெரியுதானு வீட்ல, சொந்தக்காரங்க போன்ல தேடுங்க. கல்யாண வீடு, கோயில் திருவிழா, எங்கயாவது வண்டி மேல சாஞ்சு நின்னு ஒரு படம் எடுத்திருப்பாரு. பணம் குடுத்ததுக்கு ரசீது இல்லாட்டியும் ஜிபே, வாட்ஸ்அப் பேச்சு எதுனாலும் எடுத்து வைங்க. அப்புறம் ஒரு லெட்டர் எழுதுங்க, என்னைக்கு குடுத்தோம், எவ்வளவு குடுத்தோம், என்ன சாமான் காணோம், 15 நாளுக்குள்ள சாமானோட வண்டியும் பணமும் வேணும்னு நாலே வரி, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை பத்திரமா வைங்க. அதுக்கே பாதி பேரு எறங்கி வந்துருவாங்க. வரலைன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். அடுத்து மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கெடையாது, வக்கீல் வச்சாகணும்னும் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போயிரணும், அம்புட்டுத்தான். மகனையும் கூட்டிட்டுப் போங்க, அவனும் கத்துக்கட்டும்.

இன்னொண்ணு, ஆர்சி இன்னும் அவர் பேர்லயே இருந்தா ஃபாரம் 31 போட்டு வாரிசு பேருக்கு மாத்திருங்க.

கே: பிஸ்டன் கிட் வாங்குனேன், 300 கிலோமீட்டர்ல பிஸ்டன் இறுகி சீஸ் ஆயிருச்சு. டூப்ளிகேட்னு மெக்கானிக் சொல்றாரு. கடையில போனா "வித்த சாமான் வாபஸ் இல்ல"னு போர்டை காட்றாங்க. பில்லு கேட்டா ஒரு துண்டுச்சீட்டுல எஸ்டிமேட்னு எழுதிக் குடுத்தாங்க. – சிம்மக்கல்

எஸ்டிமேட்! இந்த வார்த்தைய கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். வீடு கட்டவா போறோம் எஸ்டிமேட் போட? சாமானை எடுத்து பையில போட்டாச்சு, காசை எண்ணி கல்லாவுல போட்டாச்சு, இதுக்கப்புறம் என்னத்த எஸ்டிமேட். அதுல கடை பேர் இருக்காது, தேதி இருக்காது, ஜிஎஸ்டி நம்பர் இருக்காது, பில்லு வேணும்னா வெலை ஏறும்னு வேற மெரட்டுவாங்க. நாமளும் எழுவத்தஞ்சு ரூவா மிச்சம்னு சந்தோசமா வந்துருவோம்.

நானும் வந்தவன்தான். பத்து வருசத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு பிஸ்டன், டப்பால ஒரிஜினல் மாதிரியே ஸ்டிக்கர், எழுத்துல ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருந்துச்சு, அதை வீட்டுக்கு வந்து என் பொண்ணு படிச்சுச் சொன்னா, அவ அப்ப நாலாங்கிளாஸ். திருப்பிக் குடுக்கப் போனா, நாங்க விக்கவே இல்லங்கிறான். நான் எதைக் காட்டி பேச?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தெளிவா இருக்கு, பில்லு குடுக்காததே முறையற்ற வணிகம். குறையுள்ள சாமானை பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்றதும் அதே கணக்குதான். அதனால அந்த போர்டுக்கு பயப்படாதீங்க, சும்மா மாட்டி வச்சிருக்கு. துண்டுச்சீட்டை தூக்கிப் போட்றாதீங்க, ஜிபேல போட்டிருந்தா கடை பேர் அதுல விழுந்திருக்கும், சீஸ் ஆன பிஸ்டனையும் டப்பாவையும் வச்சுக்கிட்டு மெக்கானிக்கிட்ட ஒரு லெட்டர் எழுதி வாங்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒண்ணு கேளுங்க, ஆயில் சரியா போச்சா, கிராங்க் சீல் பாத்தாரா? டூ ஸ்ட்ரோக்ல சீல் வழியா காத்து உள்ள போனா ஒரிஜினல் பிஸ்டனும் சீஸ் ஆகும். தப்பு அங்கிட்டு இருந்து கடைக்காரரோட சண்டைக்குப் போனா நமக்குத்தான் அசிங்கம்.

கே: திலகர் திடல் ஞாயித்துக்கிழமை சந்தையில பழைய ஸ்பேர் வாங்கலாமா? – ஆரப்பாளையம்

லீவர், ஃபுட்ரெஸ்ட், ஸ்டாண்டு வாங்கலாம். பேரிங், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் வேணாம்.

கே: வண்டி பாக்க ராத்திரி ஏழு மணிக்கு மேல வரச் சொல்றாரு. போகலாமா? – வாடிப்பட்டி

போகாத. நான் அப்படித்தான் அவனியாபுரத்துல ஒரு தெருவிளக்குக்கு அடியில நின்னு ஒரு பழைய யெஸ்டி பைக்க வாங்குனேன். ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆச்சு, நானும் பூரிச்சுப் போயி முழு காசையும் குடுத்துட்டேன். மறுநாள் காலைல வீட்டு வாசல்ல 40 கிக். நான் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடேத்தி வச்சிருந்திருக்காரு, டேங்க் ஒட்டுப்போட்டதும் வெளிச்சத்துலதான் தெரிஞ்சுச்சு. வெள்ளன போ. போன உடனே எஞ்சின்ல கைய வச்சுப் பாரு, ஜில்லுனு இருக்கணும். சூடா இருந்தா டீ குடிச்சுட்டு வர்றேன்னு சொல்லீட்டு பஸ் ஏறிரு.