பெப்ரவரிப் பிரசங்கங்களும் யாக்கோபின் சம்பளமும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம், வேலை கொழும்பில். மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போவேன். பெப்ரவரியில் போனபோது எங்கள் சபையில் மாதம் முழுக்க அன்பும் திருமணமும் என்று தொடர் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. முதல் வாரம் வாலிபருக்கு. காதலர் தினம் உலகத்தாரின் பண்டிகை, காதல் பிசாசின் வலை என்று பாஸ்டர் சொன்னாராம். நான் போன வாரம் தம்பதிகளுக்கு. ஒன்று கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, புருஷன் வேலை முடிந்து வரும்போது மனைவி சிரித்த முகத்தோடு தேத்தண்ணி கொடுக்க வேண்டும், குடும்பம் அங்கேதான் கட்டப்படுகிறது என்றார். முடிவில் ஒவ்வொரு புருஷனும் மனைவிக்கு ஒரு ரோசாப்பூ கொடுக்கச் சொன்னார்கள். அப்பா கொடுத்தார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கினார். அவர் விரலில் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது. அம்மாவும் வேலை முடிந்துதானே வருகிறார், அவருக்கு யார் தேத்தண்ணி கொடுப்பது என்று எனக்கு ஆத்திரம். கடைக்காரர்கள் கிளப்பிவிட்ட ஒரு நாளுக்குப் பின்னால் சபையும் ஓட வேண்டுமா? இந்தப் பிரசங்கமெல்லாம் தேவையா?

இன்னொன்று. நான் விரும்புகிறவர் இந்து. விசுவாசமில்லாதவரோடு பிணைக்கப்படாதே என்ற 'அந்நிய நுகம்' வசனத்தைப் பாஸ்டர் சொன்னபோது என்னையே பார்த்துச் சொன்னது போல இருந்தது.

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

தேவையா என்றால், தேவைதான். இதில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம்முடைய தோட்டங்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைப் பற்றி யார் வாய் திறந்து பேசுகிறார்கள்? வீட்டில் பேசினால் அடி விழும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அந்தப் பாடத்தை நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள் என்று தாண்டிப் போய்விடுவார். தொழிற்சங்கக் கூட்டத்தில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. மிச்சம் இருப்பது சினிமாவும் போனும். இந்த நிலையில் ஒரு சபை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கிக் காதல், கல்யாணம் என்று பேச வந்தால் பேசட்டும். பேசுவது என்ன என்பதில்தான் எனக்கும் சண்டை.

காதலர் தினத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோமப் பேரரசன் கிளாடியஸ் போர்வீரர்கள் கல்யாணம் செய்யக்கூடாது என்று தடை போட்டான், வாலண்டைன் பாதிரியார் ரகசியமாகக் கல்யாணம் செய்து வைத்தார், அதனால் தலையை வெட்டினார்கள் என்று பிரசங்க மேடையில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் தடைக்கு வரலாற்றுச் சான்று கிடையாது, பிற்காலத்தில் சேர்ந்துகொண்ட கதை அது. கத்தோலிக்கத் திருச்சபையே 1969இல் தன் பொது நாட்காட்டியைத் திருத்தியபோது பெப்ரவரி 14இலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. 2018லும் 2024லும் அதே நாளில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் வந்து சேர்ந்தது. காலையில் நெற்றியில் சாம்பல் வாங்கிய பிள்ளைகள் பின்னேரம் ரோசாப்பூவுக்கு என்ன செய்தார்களோ தெரியாது. பழைய சபைகளில் இந்த மாதத்தில் கல்யாணப் பேச்சு அடிபடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தவக்காலம் தொடங்கினால் பொதுவாகக் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதற்குள் முடிக்க வேண்டும் என்று அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். அதனால் கடைக்காரரை மட்டும் திட்ட முடியாது.

தேத்தண்ணிக்கு வருவோம். உங்கள் கோபத்தில் ஒரு பிழையும் இல்லை. அம்மாவின் ஒரு நாளை அந்த பாஸ்டர் யோசித்திருந்தால் அந்த உதாரணம் அவர் வாயில் வந்திருக்காது. விடியுமுன் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, ரொட்டி சுட்டு, பகல் சோற்றையும் கட்டி, கைப்பிள்ளை இருந்தால் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பிந்தினால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு மலையில் நின்று, அட்டைக் கடியோடு கொழுந்தைக் கொண்டுபோய் நிறுத்தால், ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். இத்தனைக்கும் பிறகு லயத்துக்கு வந்து, முகத்தில் சிரிப்பையும் வைத்துக்கொண்டு, தானே பறித்த தேயிலையில் தேத்தண்ணியும் ஊற்ற வேண்டுமாம்!

இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எபேசியர் 5ஐத்தான் கையில் எடுப்பார்கள். "மனைவிகளே" என்று தொடங்கும் 22ஆம் வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு ஒரு வரி மேலே, 21இல், "தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கிறது. அந்த வரியைக் கல்யாண வீட்டில் யாராவது வாசித்து நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. கொரிந்தியர் 13இன் கதையும் இதுதான். அது கல்யாணத்துக்காக எழுதியது அல்ல. தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்த ஒரு சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் வருவது. இரண்டு அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். ஒரே பந்தியில் வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட்டு வெறியில் இருக்கிறான், இல்லாதவன் பசியோடு உட்கார்ந்திருக்கிறான் என்று பவுல் சத்தம் போடுகிறார். அந்தச் சண்டையின் தொடர்ச்சியாகத்தான் அன்பு "தற்பொழிவை நாடாது, சினமடையாது" என்று வருகிறது. வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள், யாருக்கு அடிச்சட்டி என்பதற்கு அந்த அதிகாரம் அப்படியே பொருந்தும். மனைவிமார் பொறுமையாக இருக்க வேண்டும் என்பதற்கு அதை இழுப்பது அநியாயம்.

சரி, அந்த மேடை என் கையில் கிடைத்தால் எதை எடுப்பேன்? ஆதியாகமம் 29 முதல் 31 வரை. யாக்கோபு, அவன் கட்டிய அக்கா தங்கை லேயாள், ராகேல், அப்புறம் அவர்கள் அப்பன், யாக்கோபின் மாமன் லாபான்.

இதில் பாதியைத்தான் கல்யாணத்தில் சொல்வார்கள். ராகேலுக்காக யாக்கோபு 7 வருஷம் வேலை செய்தான், அவள்மேல் வைத்த பிரியத்தால் அது "கொஞ்சநாளாகத் தோன்றினது" என்ற இடத்தில் நிறுத்திவிட்டுக் கேக் வெட்டப் போய்விடுவார்கள். கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது. 7 வருஷம் முடிந்ததும் மாமன் ஏமாற்றி மூத்தவளைக் கட்டி வைக்கிறான். ராகேலுக்காக இன்னும் 7 வருஷம் உழைக்கச் சொல்கிறான். அதற்குப் பிறகு மந்தைக்காக 6 வருஷம். ஆக 20 வருஷம். "பகலிலே வெயிலும் இராத்திரியிலே குளிரும் என்னைப் பட்சித்தது" என்கிறான் யாக்கோபு. என் சம்பளத்தைப் பத்துமுறை மாற்றினான் என்றும் சொல்கிறான். 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்காய் வீதிக்கு இறங்கி 2021இல்தான் அதைக் கண்ட சனத்துக்கு, 2024இல் அடிப்படை 1350 என்று வர்த்தமானி வந்த பிறகும் பறித்த கிலோவைக் காட்டிச் சம்பளத்தில் கை வைக்கப்பட்ட சனத்துக்கு, இந்த வசனத்துக்கு வியாக்கியானம் வேண்டுமா?

லாபானை நமக்குத் தெரியும். தோட்டத்துக்கு ஆள் பிடித்து வந்து மேய்க்கிற பெரிய கங்காணி அவன். சொந்தக்காரன், சாதிக்காரன் என்று கூட்டிக்கொண்டு வந்து, கடனைக் கணக்கில் ஏற்றி, போகவும் விடமாட்டான். கடனை எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு நம் பாட்டன்மார் போக முடியாமல் இருந்தது. அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. லாபானை விட்டுப் போவதென்று யாக்கோபு நினைத்ததும், மனைவிமார் இருவரையும் மந்தை மேயும் வெளிக்கு வரச்சொல்லி ஆளனுப்புகிறான். வீட்டில் மாமன் காது இருக்கும் என்று பயந்திருப்பான். அங்கே நின்று சம்பளக் கதையை முழுக்கச் சொல்கிறான். பெண்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அப்பன் எங்களை விற்றுவிட்டார், எங்களுக்கு வர வேண்டிய பணத்தையும் தின்றுவிட்டார் என்று அவர்கள் தங்கள் கணக்கை எடுத்து வைக்கிறார்கள். பிறகுதான் புறப்படுவது என்று முடிவாகிறது. ஒரு புருஷன் தன் சம்பளத்தை மறைக்காமல் சொல்லி, மனைவிமார் தங்களுக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லி, கேட்டு முடிவெடுக்கிற காட்சி வேதத்தில் இவ்வளவு துலக்கமாக இருக்கும்போது, சிரித்த முகமும் தேத்தண்ணியும் எதற்கு? ஒருவனுக்கு இரண்டு மனைவி, அதற்கு மேல் இரண்டு அடிமைப் பெண்கள் என்ற கணக்கை யாரும் பின்பற்ற வேண்டாம், அது வேறு விஷயம்.

பெண்டாட்டியின் சம்பளத்தையும் புருஷனே கையெழுத்துப் போட்டு வாங்கிய வழக்கம் நம் தோட்டங்களில் இருந்தது. சம்பள நாளன்று அது எந்தக் கடை வாசலில் கரைந்தது என்பது உங்கள் அம்மாவின் தலைமுறைக்குத் தெரியும். தம்பதிகள் ஞாயிறு என்று வைத்துவிட்டு, இந்த மாதம் இருவர் சம்பளத்தையும் ஒரே மேசையில் வைத்து எண்ணினீர்களா என்று ஒரு பாஸ்டர் கேட்டால் சபையில் ஊசி விழும் சத்தம் கேட்கும். இதில் உங்கள் பாஸ்டர் மாதிரியானவர்களுக்கு ஒரு நியாயமும் செய்ய வேண்டும். சங்கங்கள் எட்டிக்கூடப் பார்க்காத எத்தனையோ லயத்து வீடுகளில் சாராயத்தை நிறுத்தியது இந்தச் சின்னச் சபைகள்தான். பெண்கள் அங்கே போய் நிற்பதற்கு அது ஒரு பெரிய காரணம். உங்கள் அம்மா அந்தப் பூவை வெட்கத்தோடு வாங்கினார் என்றால் அதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்திருக்கும், அதை உங்கள் கோபத்தில் மிதித்துவிடாதீர்கள்.

நம் மலையில் சம்பளத்தையும் வேதத்தையும் சேர்த்துப் பேசுவது ஏன் அரிதாகப் போனது என்று யோசித்திருக்கிறேன். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டத்துத் துரைமாரின் ஆதரவோடும் காசோடும் நடந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் லயம் லயமாக நடந்து பிரசங்கம் செய்தார்கள். எழுத்தறிவு கொடுத்தார்கள், அது சின்ன உபகாரம் இல்லை. ஆனால் துரையின் தயவில் தோட்டத்துக்குள் வருகிறவர் யாக்கோபின் சம்பளத்தைப் பற்றி எவ்வளவு தூரம் பேசியிருப்பார்? இது என் ஊகம்தான். பேசியவர்களும் இருந்தார்கள். கண்டியில் 1972இல் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், தோட்டத் தொழிலாளியின் கூலியையும் குடியுரிமையையும் தன் ஊழியமாகவே வைத்துக்கொண்டார். ஆக, சபைக்குள் இதற்கு இடமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பாஸ்டரிடம் நேரில் போய், அடுத்த வருஷம் ஆதியாகமம் 31ஐ எடுங்கள் என்று கேளுங்கள். எதிர்த்துப் பேசுவதாக அவர் நினைக்கமாட்டார், வசனம்தானே கேட்கிறீர்கள்.

இனி அந்நிய நுகம். இரண்டு கொரிந்தியர் 6:14 கல்யாணத்தைப் பெயர் சொல்லிப் பேசவில்லை, பொதுவாகச் சொல்கிறது. கல்யாணத்தைப் பெயர் சொல்லிப் பேசுவது ஒன்று கொரிந்தியர் 7. அங்கே பவுல், விசுவாசமில்லாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் தள்ளிவிடாதே என்கிறார். அது ஏற்கெனவே கல்யாணமானவர்களுக்கு, கட்டப்போகிறவர்களுக்கு அல்ல என்று உங்கள் பாஸ்டர் திருப்பிச் சொல்வார், அதுவும் சரிதான். ஆனால் மோசே கட்டியது எத்தியோப்பியப் பெண்ணை. அதைக் குறை பேசிய மிரியாமுக்குத்தான் குஷ்டம் வந்தது, மோசேக்கு அல்ல. மோவாபியப் பெண்ணான ரூத்தின் வம்சத்தில்தான் தாவீது வருகிறான். இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் 'விசுவாசிதான் வேண்டும்' என்று பிடிவாதம் பிடிக்கிற சில வீடுகளில், விசுவாசி என்று வந்து நிற்கிறவனின் சாதி தெரிந்ததும் பேச்சு மாறிவிடும். அது எந்த நுகம் என்று யாரும் பிரசங்கிப்பதில்லை.

சட்டத்தில் உங்களுக்குத் தடை ஒன்றும் இல்லை. பொதுத் திருமணப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு கிறிஸ்தவரும் ஓர் இந்துவும் மதம் மாறாமலே பதிவு செய்துகொள்ளலாம். 1995இலிருந்து இருவருக்கும் 18 நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கோயில் கல்யாணம் என்றால், கத்தோலிக்கத்தில் ஆயரின் அனுமதியோடு வழி உண்டு. உங்கள் சபையில் பாஸ்டர் மனதுதான் சட்டம், அவர் மறுக்கலாம். அதனால் முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், பாஸ்டர் அப்புறம். இன்னொன்று, இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பையன் வீட்டில் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே? அவர் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாரா?

அன்புடன்,
அக்கா