வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த வெள்ளை ஒயினையும் சிவப்பு ஒயினையும் மதுரையில் பல ஆண்டுகள் வைத்திருந்து குடிக்கலாமா? எப்படிச் சுவைத்துப் பார்ப்பது?

வைத்திருக்க வேண்டாம் என்பதே என் பதில். கடைக்கு வரும் ஒயின்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடித்து முடிப்பதற்கென்றே ஆக்கப்பட்டவை. அவற்றைப் பத்தாண்டு பூட்டிவைத்தால் பழத்தின் மணம் போய்ப் புளிப்பும் சாராய நெடியும்தான் மிஞ்சும். நெடுநாள் தாங்குவதற்குப் புளிப்போ துவர்ப்போ இனிப்போ வலுவாக அமைந்திருக்க வேண்டும். சிவப்பு ஒயின் திராட்சையின் தோலோடும் விதையோடும் சேர்ந்து நொதிப்பதால் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதில் நிறைய இறங்குகிறது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து பிரித்துவிடுவதால் டானின் மிகக் குறைவு. பெரும்பாலும் புளிப்பின் பலத்தில்தான் அது காலத்தைத் தாங்குகிறது.

வெள்ளை ஒயின் முதிராது என்று பலரும் சொல்வார்கள், அது உண்மையன்று. ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்தில் 1877-இல் தொடங்கப்பட்ட லோபஸ் தே எரேதியா என்னும் குடும்ப நிறுவனம், வெள்ளை ஒயினையும் பல ஆண்டுகள் பழைய ஓக் மரப் பீப்பாய்களில் வைத்திருந்து, பிறகு புட்டியிலும் முதிரவிட்டே விற்பனைக்கு அனுப்புகிறது. அவ்வட்டார விதிப்படி 'கிரான் ரெசர்வா' என்று முத்திரையிடச் சிவப்பு குறைந்தது 5 ஆண்டுகளும் வெள்ளை 4 ஆண்டுகளும் முதிர்ந்திருக்க வேண்டும். பீப்பாய்க்குள் மிகச் சிறிதளவே புகும் காற்றில், வெள்ளை ஒயின் மெல்லப் பொன்னிறமாகி வாதுமை, தேன், உலர்பழம் ஆகியவற்றின் மணத்தைப் பெறுகிறது. சிவப்பிலோ துவர்ப்புப் பொருளும் நிறமியும் ஒன்றோடொன்று பிணைந்து அடியில் வண்டலாகப் படிகின்றன. நிறம் வெளிறிச் செங்கல் சாயலுக்கு வர, நாக்கைக் கவ்விய துவர்ப்பும் தணிகிறது.

இவையெல்லாம் 12 முதல் 14 டிகிரி வெப்பநிலையில், அது பெரிதாக ஏறி இறங்காத நிலவறையில் நடப்பவை. நம் ஊர்க் கோடையோ 40 டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் திரவம் விரிந்து தக்கையைத் தள்ளுகிறது, காற்று புகுகிறது, அலமாரியில் ஒரு கோடையைக் கடந்த புட்டியில் வெந்த பழத்தின் வாடை அடிப்பதில் வியப்பில்லை. ஆகவே முதிரவைக்கும் வேலையை ஆக்கியவரிடமே விட்டுவிட்டு, உங்கள் புட்டிகளைச் சில மாதங்களுக்குள் திறந்துவிடுங்கள். அதுவரை குளிர்சாதனப் பெட்டியில் படுக்கவைத்திருங்கள். முதிர்வுக்கு அது குளிர் மிகுந்த இடம்தான் என்றாலும் அலமாரியைவிட எவ்வளவோ மேல்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைக் கொண்டு கிறிஸ்துமஸுக்காக வீட்டில் ஆக்கும் ஒயினுக்கும் இதுவே பொருந்தும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சைக்கு மணம்தான் பெருமை. அம்மணம் இளமையில்தான் சிறக்கும். அடுத்த கிறிஸ்துமஸ் வரை அதைக் காத்துவைப்பதில் பொருளில்லை.

இனிச் சுவைப்பது. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்னும் மேலைநாட்டு அறிவுரையை இங்கே பின்பற்றக் கூடாது. அவர்கள் கருதுவது 16 முதல் 18 டிகிரி. மதுரையின் அறையில் இருக்கும் சிவப்பு ஒயின் சாராய நெடிதான் வீசும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் வெளியே வையுங்கள். வெள்ளைக்கு, அதிலும் முதிர்ந்த வெள்ளைக்கு, 12 டிகிரி போதும். பனிக்கட்டி போலக் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். வண்டல் உள்ள புட்டியை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து, அசைக்காமல் ஊற்றுங்கள். குவளையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து விளிம்பின் நிறத்தைப் பாருங்கள்; பிறகு சுழற்றி முகருங்கள். நனைந்த அட்டையின் வாடை வந்தால் தக்கையால் கெட்டது, கீழே கொட்டிவிடலாம். வாயில் சற்று நிறுத்தினால் புளிப்பு நாவோரத்தில் நீரூறச் செய்வதும், துவர்ப்பு ஈறுகளைப் பற்றுவதும் தெரியும். பாக்குப் போட்டுப் பழகிய வாய்க்குத் துவர்ப்பைப் பிரித்தறிவது எளிது.

மட்டன் சுக்காவோடு குடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கொழுப்புள்ள இறைச்சி இளம் சிவப்பு ஒயினின் துவர்ப்பை மென்மையாக்கும் என்றாலும், மிளகாய்க் காரத்தில் சாராயத்தின் எரிச்சல் கூடிவிடும். முதிர்ந்த ஒயினின் நுண்மணமோ அங்கே தேறவே தேறாது. அதை உணவுக்கு முன், உப்பிடாத வறுத்த முந்திரியோடு அருந்துவதே நல்லது. திறந்தபின் இளம் ஒயின் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும். முதிர்ந்ததை அன்றே நான்கு பேர் சேர்ந்து முடித்துவிடுங்கள்.