தனியாக விட்டால் ஊளையிடும் நாய்க்குச் சீன மூலிகை கொடுக்கலாமா?

தங்கச்சி, சிங்கப்பூர் வந்து மூன்று மாதம் ஆகிறது, நீங்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பியதும் பூடில் குட்டி ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டுகிறது, எதிர்வீட்டுச் சீன அம்மா மருந்துக் கடையில் மூலிகை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். பள்ளிக்கூடம், பிஆர் என்கிற நிரந்தரவாசம் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மனிதருக்கு விற்கிற பொட்டலத்தை நாய்க்குக் கொடுக்காதே. அந்த அம்மா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். மனம் குடியிருப்பது இதயத்தில் என்பது சீன வைத்தியம். அது கலங்கினால் சுவான் ஸாவ் ரென் கொடுப்பார்கள். நம் இலந்தையின் உறவுக்கார மரத்துக் கொட்டைப் பருப்புதான் அது. ஆனால் மனதை அமைதிப்படுத்தும் பழைய மாத்திரை ஒன்றில் சூ ஷா சேரும். நம் சித்த வைத்தியர்கள் சாதிலிங்கம் என்பார்களே, அதே பாதரசச் சரக்கு. சளி மருந்துகளில் வரும் மா ஹுவாங் என்ற மூலிகையில் எபிட்ரின் உண்டு, நாயின் இதயம் தறிகெட்டு ஓடும். பாகு மருந்தில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் இருந்தால் உயிருக்கே ஆபத்து. வெட், அதாவது கால்நடை மருத்துவர், ஏற்கெனவே பதற்றத்துக்கு ஃபுளுவாக்செட்டின் மாதிரி மாத்திரை ஏதாவது கொடுத்திருந்தால், அவரைக் கேட்காமல் எந்த மூலிகையும் வேண்டாம்.

நான் பட்டுத்தான் சொல்கிறேன். எங்கள் நாய் பொம்மிக்குக் கடைத் தூளில் பாதியைத் தயிரில் கலந்து கொடுத்தேன். இரவெல்லாம் வாந்தி. சமையலறைத் தரையில் அவள் தலையை மடியில் வைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாளே பழையபடி ஊளை.

அப்புறம் சீன வைத்தியமும் படித்த ஒரு வெட்டிடம் போனோம். நாக்கைப் பார்த்தார், பின்தொடையின் உள்பக்கம் நாடி பிடித்தார். எடைக்கு ஏற்ற மூலிகை கொடுத்தார், ஆனால் மூலிகை துணைக்குத்தான், பழக்குவதுதான் மருந்து என்றார். நாய்களின் பதற்றத்துக்கு மூலிகை கேட்கும் என்று உறுதியாகக் காட்டும் ஆய்வுகள் இன்னும் குறைவு. சாவிச் சத்தம் கேட்டாலே பொம்மி நடுங்குவாள். அதனால் சாவியை எடுத்துக்கொண்டு எங்கும் போகாமல் சோபாவில் உட்காரச் சொன்னார். பிறகு கதவுக்கு வெளியே பத்து விநாடி, அரை நிமிடம், ஐந்து நிமிடம். இரண்டு மாதம் பொறுமையாகச் செய்தோம். அடங்கியது.

இதைச் செய்ய நம் ஆட்களுக்குப் பொறுமை இல்லை. பிள்ளை கேட்டது என்று குட்டி வாங்குவார்கள், ஆஸ்திரேலியாவுக்கு மாற்றல் வந்ததும் காப்பகத்தில் விட்டுப் போவார்கள். எனக்கு வயிறு எரியும். பத்து வருடம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள் உண்டு. நான் சந்தைக்குப் போய்ப் போயே சீனம் கற்றுக்கொண்டேன்.

சரி, நாய்க்கான உரிமத்தை மறக்காதே. வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீட்டில் ஒரு நாய்க்குத்தான் அனுமதி, அதுவும் பட்டியலில் உள்ள இனமாக இருக்க வேண்டும்.

2004-ல் நான் சிங்கப்பூர் வந்தபோது என் கணவருக்குக் கப்பல் பட்டறையில் இரவு வேலை. வாடகை அறையில் நான் மட்டும். லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காது. மேல்மாடியில் நிற்கும் சத்தம் கேட்டதும் படியில் காலடி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் வேறு யாராவதாக இருக்கும். எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்கு என் அழுகை கேட்டிருக்க வேண்டும். செம்பேரீச்சையும் லோங்கான் பழமும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, செருப்பு அலமாரி மேல் வைத்து, கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். நான் திறக்கும்போது அவர் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும்.