மெல்பர்னில் கடிகாரம் மாறினால் நம் வீட்டு ராகு காலம் மாறுமா?

மலேசியாவின் தெலுக் இந்தானை அடுத்த ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: “மகள் மெல்பர்னில் வாங்கிய வீட்டுக்கு அக்டோபர் நடுவில் புதுமனை புகுவிழா. அந்த மாதம் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்களாம். நாங்களும் எதையாவது மாற்ற வேண்டுமா? எங்கள் நாள்காட்டி தமிழ்நாட்டில் அச்சானது. அதிலுள்ள ராகு காலத்தோடு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொண்டால் சரியாக இருக்குமா?”

உங்கள் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். மெல்பர்னில் அக்டோபர் முதல் ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கோடை நேரம் நடப்பில் இருக்கும். அந்த மாதங்களில் அவர்கள் நம்மைவிட 3 மணி நேரமும், மற்ற மாதங்களில் 2 மணி நேரமும் முந்தியிருப்பார்கள். அங்கே அதிகாலையில் நிகழும் அந்த மாற்றம் நமக்குச் சனிக்கிழமை நள்ளிரவு என்பதால், விழா நாளில் 3 மணி நேர வேறுபாட்டையே கணக்கில் கொள்ளுங்கள். பிரிஸ்பேனில் உறவினர் இருந்தால் அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குவீன்ஸ்லாந்தில் கோடை நேரம் கிடையாது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரமே என்பதால், பருவத்துக்குப் பருவம் முள்ளை நகர்த்தி நாம் பெறுவது ஒன்றுமில்லை. ஆயினும் நம் கடிகாரமும் சூரியனை விட்டு வெகுதூரம் விலகியே ஓடுகிறது. 1905இல் கிரீன்விச் நேரத்துக்கு 7 மணி நேரம் முன்னதாக இருந்த மலாயாவின் நேரம், மாலை வெளிச்சத்தை நீட்டிப்பதற்காக 1933இல் 20 நிமிடமும், 1941இல் மேலும் 10 நிமிடமும் முன்தள்ளப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமே இங்கும் செல்லுபடியானது. பின்னர், சபா, சரவாக்குடன் நாடு முழுவதும் ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்று 1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.30 மணிக்கே தீபகற்பத்தில் 12 மணி ஆக்கப்பட்டு, 1982 பிறந்தது. அன்று முன்தள்ளிய அரை மணி நேரத்தை யாரும் திருப்பித் தரவில்லை. ஒருவகையில் நாம் ஆண்டு முழுவதும் கோடை நேரத்தில்தான் வாழ்கிறோம்.

கிரீன்விச்சைவிட இப்போது நமக்குள்ள எட்டு மணி நேர முன்னிலை 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. தெலுக் இந்தானோ ஏறத்தாழ 101 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால், சூரியன் நம் உச்சிக்கு வருவது சராசரியாக 1.16 மணிக்கு. பால்மரத்துக்கு, அதாவது ரப்பர் மரத்துக்கு, இந்த அரசாணைகள் எதுவும் தெரியாது. வெயில் ஏறினால் மரத்தினுள் அழுத்தம் குறைந்து பால் வடிவது மட்டுப்படும் என்பதால், பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) எந்த மணி குறிக்கப்பட்டாலும் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை விடியலைத்தான் பின்தொடர்ந்தது.

ராகு காலமும் அப்படியே. அது சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடைப்பட்ட பகலின் எட்டில் ஒரு பங்கு. வெள்ளிக்கிழமை நான்காம் பங்கு. காலை 6 மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டதால்தான் நாள்காட்டியில் 10.30 முதல் 12 வரை என்று அச்சாகிறது. நமக்கு உதயம் மாதத்தைப் பொறுத்து ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30க்கும் இடையே அமைவதால், 7.15க்கு உதயமாகும் வெள்ளிக்கிழமையில் ராகு காலம் 11.45 முதல் 1.15 வரை. இரண்டரை மணி நேரம் கூட்டினால் ஒரு மணிக்குத் தொடங்குவதாக வரும், அது பிழை. அச்சிட்டபடியே பின்பற்றுவதும் பிழைதான், ஆனாலும் பல வீடுகளில் நடப்பது அதுதான்.

திதியும் நட்சத்திரமும் வேறு வகை. திதி முடிவது உலகம் முழுவதற்கும் ஒரே கணம் என்பதால், இந்திய நேரத்தோடு இங்கே இரண்டரை மணி நேரத்தையும், கோடை நேரத்தில் இருக்கும் மெல்பர்னில் ஐந்தரை மணி நேரத்தையும் கூட்டலாம்.

விழாவுக்கான ராகு காலத்தை மகளின் ஊர்ச் சூரியனைக் கொண்டே கணக்கிட வேண்டும். அக்டோபர் நடுவில் அங்கே பகல் சுமார் 13 மணி நேரம் நீள்வதால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். அன்றைய உதயத்தையும் மறைவையும் மகளின் கைப்பேசியில் கோடை நேரப்படியே பார்த்து, இடைப்பட்ட பொழுதை எட்டாக வகுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தனியாக ஒரு மணி நேரம் கூட்டவோ கழிக்கவோ தேவையில்லை.